போன் பண்ணினால் அந்த முதலைக்கு என்ன ஆகும்?

(ஆடியோவில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, வாக்கியங்களைச் சரிசெய்து இங்கே கொடுத்திருக்கிறேன். பேச்சு வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இந்த வாரக் கதை ஒரு மின்னஞ்சலில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்தில், டாம்பா பக்கம் வீடு வாங்கியிருக்கும் நேயர் ஒருவர் எழுதியிருந்தார். "தம்பி, எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு குளம் இருக்கு. அந்தக் குளத்துக்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கின வீடு. போன வருஷம் ஆறு கோழி வாங்கி, குளத்தைப் பார்த்த மாதிரி கூண்டு வெச்சோம். ரெண்டு மாசமா ஒரு முதலை கரையேறி வந்து கூண்டுக்குப் பக்கத்துல படுத்துக்குது. ஆறடி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நம்பர் கொடுத்து போன் பண்ணச் சொல்றார். பிடிச்சுட்டுப் போய் எங்கே விடுவாங்க?"

எங்கேயும் விட மாட்டாங்க. கொன்னுடுவாங்க.

இதை அவருக்குப் பதிலாக எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அனுப்பாமலே வைத்திருந்தேன். ஏனென்றால் நானும் அவரை மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா, வனவிலங்குத் துறை, பெரிய பட்ஜெட். பிடித்துக்கொண்டு போய் நல்ல சதுப்பு நிலமாகப் பார்த்து விடுவார்கள் என்று. அப்படி இல்லை. நாலு அடிக்கு மேல் நீளம் இருந்து, மனிதருக்கோ வளர்ப்பு விலங்குக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று யாராவது புகார் கொடுத்தால், அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட ஒரு டிராப்பர் வருவார். முதலையைப் பிடிப்பார். அந்த நொடியிலிருந்து அது அவருடைய சொத்து. தோலையும் கறியையும் விற்றுக்கொள்ளலாம். சில சமயம் முதலைப் பண்ணைக்கோ காட்சிசாலைக்கோ உயிரோடு போகும். காட்டுக்குத் திரும்பிப் போகாது.

ஒரு காலத்தில் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று நாடே சேர்ந்து காப்பாற்றிய பிராணி இது. அதற்கு எப்படி இப்படி ஒரு நடைமுறை வந்தது? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தமிழில் நமக்கு எல்லாமே முதலைதான். இங்கே நான் சொல்வது அலிகேட்டர். அகலமான மூக்கு, கருத்த உடம்பு, நன்னீரில் வாழ்வது. தெற்கு புளோரிடாவில் குரோக்கடைலும் உண்டு, அதன் கதை வேறு. அதனால் இந்த எபிசோடு முழுக்க முதலை என்றால் அலிகேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதன் வீட்டுப் பக்கம் முதலை வருவது புதுசு இல்லை. ஜாக் லெ முவான் என்ற பிரெஞ்சு ஓவியர் 1564-ல் புளோரிடாவுக்குப் போன ஒரு கப்பல் கூட்டத்தில் இருந்தார். அவர் படங்களை வைத்து தியடோர் டி பிரை 1591-ல் செப்புத் தகட்டு ஓவியங்களாக வெளியிட்டார். அதில் ஒரு படம்: அங்கே வாழ்ந்த திமுக்குவா மக்கள், ஒரு நீண்ட மரக்கழியை முதலையின் தொண்டைக்குள் குத்தி, அதைப் புரட்டிப் போட்டு அடிக்கிறார்கள். படத்தில் முதலையின் அளவு, வடிவம் எல்லாம் ஏகத்துக்கும் தப்பு, கடல் பூதம் மாதிரி இருக்கும். ஆனால் கூடவே வரும் குறிப்பு சுவாரசியமானது. ஆற்றோரம் ஓட்டை ஓட்டையாக ஒரு சின்னக் குடிசை கட்டி, அதற்குள் ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பாராம். பசியோடு முதலை கரையேறும் சத்தம் கேட்டதும் மற்றவர்களைக் கூப்பிடுவாராம். அதாவது, புகார் கொடுக்க ஒரு ஆள், பிடிக்க ஒரு குழு. 450 வருஷத்துக்கு முந்தைய ஹாட்லைன்!

வெள்ளைக்காரக் குடியேறிகள் வந்த பிறகு குடிசையும் வேண்டாம், காவலாளியும் வேண்டாம். துப்பாக்கி போதும். பன்றியைப் பிடித்தது, நாயைப் பிடித்தது, கோழியைத் தூக்கியது என்றால் சுட்டுவிடுவார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலைத் தோலில் செருப்பு, பை, பெட்டி எல்லாம் ஃபேஷனானது. அப்போது சுட்டதற்குக் காசும் கிடைக்க ஆரம்பித்தது. இரவில் படகில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். வெளிச்சம் பட்டால் முதலையின் கண் தணல் மாதிரி சிவப்பாக மின்னும். அதைப் பார்த்துச் சுடுவது. இவ்வளவு எளிதாக இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் பிராணி வேறு உண்டா தெரியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த முந்நூறு சொச்ச வருஷத்தில் "தொல்லை முதலை" என்று ஒரு வகையே கிடையாது. தொல்லை கொடுத்தது அன்றைக்கே செத்துவிடும். புகார் என்பது, தானே ஒன்றும் செய்ய முடியாதவர் கொடுப்பது. அந்த நிலைமை 20-ம் நூற்றாண்டில்தான் வந்தது.

எப்படி வந்தது? சுட்டுச் சுட்டு எண்ணிக்கை விழுந்தது. சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டியதில் வீடும் போனது. 1962-ல் புளோரிடா முதலை வேட்டையைத் தடைசெய்தது. லூசியானாவும் அதே வருஷம் மூடியது. ஆனால் தோலுக்கு விலை இருக்கிற வரை திருட்டு வேட்டை நிற்குமா? ஒரு மாநிலத்தில் சுட்டு, இன்னொரு மாநிலத்தில் விற்றுவிட்டால் கேஸே இல்லை. 1967-ல் மத்திய அரசின் முதல் அழிவாபத்துப் பட்டியல் வந்தது. அதில் முதலையும் இடம் பிடித்தது. 1969-ல் லேசி சட்டத்தைத் திருத்தி, திருட்டுத்தனமாகப் பிடித்த ஊர்வனவற்றை மாநில எல்லை தாண்டி விற்பதைக் குற்றமாக்கினார்கள். என் கணிப்பில் உண்மையிலேயே வேலை செய்தது இந்தத் திருத்தம்தான். வேட்டைக்காரனைச் சதுப்பில் துரத்துவதை விட, வாங்குகிறவனின் கிடங்கை மூடுவது எளிது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சரியாக எதிர்பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. முதலைகள் வேகமாகத் திரும்பி வந்தன. ஒரு பெண் முதலை ஒரு தடவைக்கு முப்பது, நாற்பது முட்டை போடும். பெரும்பாலானவை பிழைக்காது, ஆனாலும் சுடுவது நின்றால் கணக்கு மாறிவிடும். அதே சமயம் இன்னொரு பிராணியும் புளோரிடாவில் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. நாமதான். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புளோரிடாவில் சுமார் 27.7 லட்சம் பேர். 1970-ல் 67.9 லட்சம். 1980-ல் 97.5 லட்சம். 2020-ல் 2 கோடியே 15 லட்சம். ஏசி வந்தது, கொசு கட்டுப்பட்டது, வடக்கே ரிட்டையர் ஆனவர்கள் வெயிலுக்காக இறங்கி வந்தார்கள்.

அவர்களுக்கு எப்படி வீடு கட்டினார்கள் என்பதைப் பார்த்தால்தான் நம்ம நேயரின் குளம் புரியும். புளோரிடா தட்டையான பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அப்படியே வீடு கட்டினால் முதல் மழைக்கே உள்ளே வந்துவிடும். அதனால் ஒரு பக்கம் தோண்டி, அந்த மண்ணை இன்னொரு பக்கம் கொட்டி மேடாக்கி, மேட்டில் வீடு கட்டுவார்கள். தோண்டிய பள்ளம் குளமாகவோ கால்வாயாகவோ ஆகிவிடும். பிறகு அதையே "தண்ணீர் பார்த்த வீடு" என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள்! ரோசன் சகோதரர்கள் என்று இரண்டு பேர் 1957-ல் நிலம் வாங்கி உருவாக்கிய கேப் கோரல் நகரத்தில் மட்டும் சுமார் 400 மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் இருக்கின்றன. பின்னாளில் மழைநீரை அப்படியே ஆற்றில் விடாமல் தேக்கி வடிகட்ட வேண்டும் என்று விதிகள் வந்தன. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு குளம் கட்டாயம் மாதிரி ஆனது.

அலையில்லாத நன்னீர், கரையில் புல், உள்ளே மீனும் ஆமையும். ஒரு முதலையிடம் பிளான் போடச் சொன்னால் இதைத்தான் போடும். "முதலை இடத்துக்கு மனுஷன் போயிட்டான்" என்று எல்லாரும் சொல்வோம் இல்லையா? அது பாதிதான் சரி. பல இடங்களில் மனுஷன் புதுசாக ஒரு முதலை வீட்டைக் கட்டி, அதற்கு எதிரே தன் வீட்டையும் கட்டிக்கொண்டான்.

1973 ஆகஸ்டில், சரசோட்டா கவுண்டியில் ஆஸ்கர் ஷெரர் பூங்காவின் ஏரியில் நீந்திக்கொண்டிருந்த 16 வயதுப் பெண்ணை ஒரு பெரிய முதலை கொன்றது. அதே வருஷம் டிசம்பரில் அதிபர் நிக்சன் அழிவாபத்து உயிரினச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அந்த நேரத்தில் புளோரிடாவில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கரையில் ஒரு எட்டடி முதலை. தொட்டால் மத்திய அரசு வழக்கு. தொடாவிட்டால் குழந்தையை வெளியே விட முடியாது. தாத்தா காலத்தில் துப்பாக்கி எடுத்திருப்பார். இப்போது என்ன செய்வது? போன் எடுத்தார்கள்.

மாநில வனவிலங்கு ஆணையத்துக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. அதிகாரிகள் நேரில் போய், கயிறு போட்டுப் பிடித்து, வண்டியில் ஏற்றி, தூரத்தில் ஒரு ஏரியில் விட்டுவிட்டு வந்தார்கள். நம்ம நேயர் நினைத்தது மாதிரியேதான். சில வருஷம் இதைச் செய்து பார்த்தார்கள். சரிப்படவில்லை.

முதல் காரணம், முதலை திரும்பி வந்துவிடும். சும்மா சொல்லவில்லை. கார்டன் ராடா என்ற ஆய்வாளர் புளோரிடாவில் குட்டி முதலைகளை இடம் மாற்றி விட்டு, அவை எந்தத் திசையில் கிளம்புகின்றன என்று பார்த்தார். வீட்டுத் திசையைக் கண்டுபிடிப்பதில் பூமியின் காந்தப்புலத்துக்குப் பங்கு இருக்கலாம் என்று 1984-ல் எழுதினார். குட்டிகளே இப்படி என்றால் வளர்ந்த ஆண் எப்படி இருக்கும்? திரும்பும் வழியில் சாலையைக் கடக்கும், வேறு நாலு குடியிருப்புக்குள் புகும். ஒரு புகார் நாலு புகாராகும். இரண்டாவது காரணம், கொண்டுபோய் விடும் ஏரியில் ஏற்கெனவே முதலைகள் இருக்கின்றன. அவை புதுசாக வந்ததைச் சும்மா விடாது. பெரிய முதலை சின்ன முதலையைத் தின்னும். மூன்றாவது, செலவு. புகார் வருஷா வருஷம் கூடும், அதிகாரிகள் எண்ணிக்கை கூடாது.

(இதை எங்க வேலையில் தினமும் பார்க்கிறோம். டிக்கெட்டை இன்னொரு டீமுக்கு மாற்றிவிட்டால் நம்ம போர்டு காலியாகத் தெரியும். பிரச்சினை அப்படியே இருக்கும். ஒரு வாரம் கழித்து அதுவே வேறு நம்பரில் திரும்பி வரும்.)

1977 ஜனவரியில் மத்திய அரசு புளோரிடா முதலையை "அழிவாபத்து" நிலையிலிருந்து ஒரு படி இறக்கியது. அதனால் புகாருக்குள்ளான முதலையைக் கொன்று தோலை விற்கச் சட்டப்படி வழி திறந்தது. சில இடங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1978-ல் மாநிலம் முழுவதற்கும் தொல்லை முதலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். டாமி ஹைன்ஸ், ஆலன் உட்வர்ட் என்ற இரண்டு மாநில உயிரியலாளர்கள் இதன் ஆரம்பக் காலம் பற்றி 1980-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமானது.

திட்டத்தின் பொருளாதாரம்தான் எனக்குப் பிடித்த பகுதி. அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கவில்லை. முன்னாள் வேட்டைக்காரர்கள் மாதிரி விஷயம் தெரிந்தவர்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. தோலும் கறியும்தான் கூலி. ஒவ்வொரு தோலிலும் அரசு முத்திரை கொண்ட குறிச்சீட்டு இருக்கும், அது இல்லாத தோல் திருட்டுத் தோல். 1979-ல் சர்வதேச வணிக ஒப்பந்தத்திலும் இந்த முதலையின் மீதான கட்டுப்பாடு தளர்ந்தது. ஐரோப்பாவின் தோல் பதனிடும் நிறுவனங்களுக்கு விற்க முடிந்தது. ஆக, பாரிஸில் ஒரு பணக்காரர் வாங்கும் கைப்பை, டாம்பாவில் ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறப் பாதுகாப்புக்குக் காசு கொடுக்கிறது. வரி செலுத்துகிறவனுக்குப் பெரிய சுமையில்லை. கேட்க அழகான ஏற்பாடு.

லூசியானா வேறு பாதையில் போனது, அதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அங்கே சதுப்பு பெரும்பாலும் தனியார் நிலம், அதனால் 1972-லேயே கேமரன் பாரிஷில் வேட்டையைத் திறந்து, நில உரிமையாளருக்கு வருமானம் போகும்படி செய்தார்கள். சதுப்பை விற்காமல் வைத்திருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. புளோரிடாவில் பிரச்சினை சதுப்பு அல்ல, புல்வெளி.

புளோரிடாவின் அழகான ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. தோல் விலை ஃபேஷனைப் பொறுத்தது. 1980-களின் கடைசியில் ஏறி, 1990-களின் ஆரம்பத்தில் விழுந்தது. பண்ணையில் வளர்ந்த, கீறல் இல்லாத தோல் வந்த பிறகு, சண்டை போட்டுத் தழும்பேறிய காட்டுத் தோலை யார் வாங்குவார்கள்? ஆனால் போன் நிற்கவில்லை. கடைசியில் அரசாங்கம் ஒவ்வொரு முதலைக்கும் ஒரு சிறு தொகை கொடுக்க ஆரம்பித்தது. அது இப்போது 50 டாலர். ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் முதலையைப் பிடிக்கப் போகிறார் என்றால், அந்த 50 டாலரில் பெட்ரோல் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பிடிக்கும் முறையையும் கேட்டிருந்தார் நம்ம நேயர். தூண்டில் முள்ளில் இரை மாட்டித் தண்ணீருக்கு மேலே தொங்கவிடுவது ஒரு வழி. இதற்கு மாட்டு நுரையீரல்தான் பெயர் போன இரை. கயிறு கட்டிய எறியீட்டி இன்னொரு வழி. தரையில் இருந்தால் கழுத்தில் சுருக்கு. வாயை மூடி டேப் சுற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடிக்கும் தசை பயங்கர பலம், திறக்கும் தசை அவ்வளவு பலமில்லை. (இதைக் கேட்டுவிட்டு யாரும் டேப்போடு போகாதீர்கள். அனுமதியில்லாமல் முதலையைக் கொல்வதோ காயப்படுத்துவதோ அங்கே பெரிய குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை.)

இப்போது கசப்பான பகுதி. இடம் மாற்றி விடுவதை எல்லாரும் கைவிடவில்லை. மேற்குக் கரையில் சனிபெல் என்று ஒரு தீவு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட நிலம். அங்கே வாழ்கிறவர்களுக்கு இயற்கை மீது பெரிய பிடிப்பு. மற்ற ஊர்களைப் போல அவர்கள் முதலையைக் கொல்ல விரும்பவில்லை. 2001-ல் தீவுவாசி ஒருவரை முதலை கொன்றது. 2004-ல், ஒரு வீட்டின் குளக்கரையில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த பெண்மணியை இன்னொரு முதலை இழுத்தது. மீட்டும் பிழைக்கவில்லை. அதன் பிறகு தீவின் கொள்கை மாறியது. பெரிய முதலைகளைப் பிடித்துக் கொல்ல அனுமதித்தார்கள். அந்தப் பெண்மணி முதலையைச் சீண்டவில்லை, யாருக்கோ தோட்ட வேலை செய்துகொண்டிருந்தார். இதைப் படித்த பிறகு "கொல்லாதீங்க" என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்ம ஊரில் இதே கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது. இங்கே முதலை 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொல்ல முடியாது. சிதம்பரம் பக்கம் ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறது. கொள்ளிடக் கரை ஊர்களில் ஆட்கள் கடிபட்டிருக்கிறார்கள், இறந்தும் இருக்கிறார்கள். எது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே குளம் பார்த்த வீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்தவருக்கும், இங்கே குளிக்க ஆற்றை விட்டால் வேறு வழியில்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிட்டு இரண்டையும் ஒப்பிட முடியாது.

புளோரிடாவுக்கே திரும்புவோம். 1987-ல் அமெரிக்க முதலை முழுமையாக மீண்டுவிட்டது என்று மத்திய அரசு அறிவித்தது. இன்று புளோரிடாவில் மட்டும் சுமார் 13 லட்சம் முதலைகள் இருப்பதாக மதிப்பீடு. புகாரின் பேரில் வருஷத்துக்கு சராசரியாக எட்டாயிரத்துக்கு மேல் பிடிக்கிறார்கள். மொத்த எண்ணிக்கையில் இது ஒரு சதவீதம் கூட இல்லை. 1948 முதல் 2021 வரை சீண்டாமலே கடித்த சம்பவங்கள் 442, அதில் 26 பேர் இறந்தார்கள் என்கிறது ஆணையத்தின் கணக்கு. எழுபது வருஷத்துக்கு இது சின்ன எண்தான். ஆனால் சின்ன எண் எப்போதும் ஆறுதல் தராது. 2006 மே மாதம் ஒரே வாரத்துக்குள் மூன்று பெண்கள் இறந்தார்கள். 2016-ல் டிஸ்னி ரிசார்ட்டின் ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்தது. அங்கே நீந்தக் கூடாது என்று பலகை இருந்தது, முதலை இருக்கிறது என்று பலகை இல்லை. அதன் பிறகுதான் வைத்தார்கள்.

சரி, கோழிக்கு வருவோம்.

புளோரிடாவின் ஆழமில்லாத நீர்நிலைகளில் கொக்கு, நாரை எல்லாம் மரத்தில் கூடு கட்டும்போது, கீழே முதலை இருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டும். ஏன்? ரக்கூன் என்ற பிராணி மரமேறி முட்டையையும் குஞ்சையும் காலி பண்ணிவிடும். கீழே முதலை இருந்தால் ரக்கூன் நீந்தி வராது. காவலுக்குக் கூலி உண்டு: மேலிருந்து தவறி விழும் குஞ்சுகள். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, பறவைக் குடியிருப்புகளுக்குக் கீழே வாழும் முதலைகள் மற்ற முதலைகளை விட நல்ல உடல்வாகோடு இருந்ததாகச் சொல்கிறது. செயின்ட் அகஸ்டினில் 1893-ல் தொடங்கிய முதலைப் பண்ணையில் இதை நேரில் பார்க்கலாம். முதலைத் தொட்டிக்கு மேலே உள்ள மரங்களில் காட்டுப் பறவைகள் தாங்களாகவே வந்து கூடு கட்டுகின்றன.

இப்போது முதலையின் பக்கத்திலிருந்து நம்ம நேயரின் கூண்டைப் பாருங்கள். தண்ணீர் ஓரம். மேலே பறவைச் சத்தம், பறவை வாடை. அப்பப்போ ஏதோ கீழே விழும் என்று நம்பிக்கை. சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலி இல்லாவிட்டால் ரக்கூன் வரும், இரண்டும் சாப்பாடுதான். அந்த ஆறடி முதலை அங்கே கோழியைக் குறிவைத்து மிரட்டிக்கொண்டிருக்கவில்லை. அதன் இனம் காலங்காலமாகச் செய்வதைச் செய்துகொண்டிருக்கிறது, படுத்துக் காத்திருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கொல்லைப்புறக் கோழிக்கு மறுபடி அனுமதி கிடைத்து வருகிறது. புளோரிடாவும் அதில் சேர்த்தி. குளமும் கோழியும் ஒரே வேலிக்குள் வருவது இதனால்தான்.

அதனால் அவருக்கு நான் எழுதியது இதுதான். முதலில் கூண்டை மாற்றுங்கள். வீட்டுக்கு முன்பக்கமோ கராஜ் பக்கமோ, தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு. இருட்டுவதற்கு முன் கோழிகளை அடைத்துவிடுங்கள், முதலை அதிகமாக நடமாடுவது அந்தியிலிருந்து விடியல் வரை. தீவனத்தை ராத்திரி வெளியே வைக்காதீர்கள். செத்த கோழி, மீன் கழிவு எதையும் குளத்தில் போடாதீர்கள். மனிதன் பக்கம் வந்தால் சாப்பாடு என்று ஒரு தடவை பழகிய முதலை மனிதனைக் கண்டு விலகாது. அதனால்தான் அங்கே முதலைக்குத் தீனி போடுவதே சட்டப்படி குற்றம். கம்பி வலை வேலியை நம்பி இருக்க வேண்டாம், ஏறிவிடும். தரையோடு ஒட்டி மின்சார வேலிக் கம்பி போட்டால் நல்லது. வீட்டில் சின்னக் குழந்தையோ நாயோ இருந்தால் குளக்கரையில் தனியாக விடாதீர்கள், முதலை கண்ணில் படாத நாளிலும் கூட.

இவ்வளவும் செய்த பிறகும் அது வந்துகொண்டே இருந்தால், ஆளைக் கண்டு தண்ணீருக்குள் ஓடாமல் நின்று பார்த்தால், போன் பண்ணுங்கள். அது செத்துப்போகும் என்று தெரிந்தே பண்ணுங்கள். இன்னொன்று, அந்தக் குளம் காலியாக இருக்கப்போவதில்லை. ஏப்ரலில் ஆண் முதலைகள் துணை தேடிக் கிளம்பும், மே, ஜூன் வரை ஊர் சுற்றும். மழைநீர்க் குழாய் வழியாக, சாலை தாண்டி, இடம் தேடி வரும். காலியான நல்ல குளத்துக்கு அடுத்த வருஷமே வாடகைக்கு ஆள் வந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. "தம்பி, கூண்டை கராஜ் பக்கம் மாத்திட்டோம். முதலை மூணு நாள் பழைய இடத்துலயே வந்து படுத்திருந்துச்சு. அப்புறம் எதிர்க்கரைக்குப் போயிடுச்சு. இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணிட்டார். ஆனா குளம் எங்க யாருக்கும் சொந்தமில்லையாம், குடியிருப்புச் சங்கத்துக்குச் சொந்தமாம். சங்கம் சம்மதிச்சாதான் டிராப்பர் உள்ளே வர முடியுமாம். வியாழக்கிழமை மீட்டிங். ஓட்டுப் போடணும். என் பொண்ணு அதுக்குப் பேர் வெச்சிருக்கா, வீட்டுக்காரம்மா போன் பண்ணினது சரிதான்கிறாங்க. எனக்குக் கை எந்தப் பக்கம் தூக்குறதுன்னு இன்னும் தெரியலை."

வியாழக்கிழமை என்ன ஆனது என்று அவர் எழுதினால் அடுத்த எபிசோடில் சொல்கிறேன்.